நாணயமும் அன்பும்: தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் அன்றாட வாழ்வும் உபதேசியார்களின் பங்கும் (1778 – 1798)

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சையில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் (1726 – 1798) அரசரின் நண்பராகவும், ஐதர் அலியிடம் சென்ற தூதராகவும், இரண்டாம் சரபோசியின் காப்பாளராகவும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறார். அவருடைய 1794ஆம் ஆண்டுக் கடிதமோ வேறொன்றைச் சான்றாக முன்வைக்கிறது. போர்க்காலத்தில் மாட்டுக்காரர்களுக்குத் தவறாமல் கொடுக்கப்பட்ட கூலியும், நன்றிக்காக நீட்டப்பட்ட ஒரு துணியை உபதேசியார் ஒருவர் வாங்க மறுத்ததும் அச்சான்றுகளாகும். இறையன்பு மனித வாழ்வில் வெளிப்படும் இடமாகச் சுவார்ட்ஸ் கருதியது இத்தகைய அன்றாடக் கொடுக்கல் வாங்கலையே என்பதையும், அவ்வன்பு நின்றுபோன எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுவார்ட்ஸ், தஞ்சாவூர், தரங்கம்பாடி மிஷன், உபதேசியார், இரண்டாம் மைசூர்ப் போர், இரண்டாம் சரபோசி, பக்திநெறி இயக்கம்.

முன்னுரை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் மாறாத நேர்மையையும் குறிக்கும். ஒருவரை ‘நாணயமானவர்’ என்னும்போது அவர் கையிலுள்ள பணம் கருதப்படுவதில்லை. அவர் வாக்கை நம்பிப் பொருள் கொடுக்கலாம் என்பதே கருதப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சை அரசு இழந்திருந்தது இந்த இரண்டாவது நாணயத்தை. கருவூலம் வற்றியது பெரிய இழப்பே. ஆயினும் அரசின் சொல்லை நம்பி ஒரு மாட்டைக்கூட அவிழ்த்துவிடக் குடிகள் மறுத்தது அதனினும் பெரிய இழப்பாகப் போர்க்காலத்தில் தெரியவந்தது.

கிறிஸ்தவ அறவியலில் அன்பு என்பது பெரும்பாலும் ஈகையாகவும் தியாகமாகவும் பேசப்படுகிறது. அருளாளர்களின் வரலாறுகளும் அவ்வாறே எழுதப்பட்டன. சுவார்ட்ஸின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1834இல் ஹியூ பியர்சன் வெளியிட்ட இரு தொகுதி வரலாறு முதல் அண்மைக்காலத் திருச்சபை வெளியீடுகள் வரை, அவர் ஓர் உயர்ந்த தனிமனிதராக, மற்றவர் எட்டமுடியாத தொலைவில் நிறுத்தப்பட்டுள்ளார். ஐதர் அலி அவரை மதித்தது, அரசர் அவர் கையில் இளவரசரை ஒப்படைத்தது போன்ற நிகழ்ச்சிகளே திரும்பத் திரும்ப எடுத்துரைக்கப்படுகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அவற்றிலேயே கண் பதிந்துவிடுவதால், குடிமக்கள் அவரிடம் எதைக் கண்டு நம்பினர் என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது.

ஹாலேயிலிருந்து வந்த மரபு

பிராண்டன்பர்க் நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்த சுவார்ட்ஸ், ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சென்னையில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சு அப்போது அங்கே இருந்தார். தமிழ் விவிலிய அச்சுப்பணிக்குத் துணையாகத் தமிழ் கற்கத் தொடங்கிய சுவார்ட்ஸுக்கு, அந்த மொழியே வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது. 1749இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டு மண்ணை விட்டு ஐரோப்பாவுக்கு அவர் பின்னர் ஒருமுறையும் திரும்பவில்லை.

ஹாலே அக்காலத்தில் ஜெர்மானியப் பக்திநெறி இயக்கத்தின் தலைமையிடம். பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட நூலால் வலுப்பெற்ற அவ்வியக்கம், கோட்பாட்டை ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசமாகாது, அது நாள்தோறும் நடக்கையில் தெரியவேண்டும் என்று வற்புறுத்தியது. கண்ட சகோதரனிடம் அன்பு கூராதவன் காணாத கடவுளிடம் அன்புகூர முடியாது என்னும் யோவான் முதல் திருமுகக் கருத்தும், செயலற்ற விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் கருத்தும் அவ்வியக்கத்தாருக்கு நெருக்கமானவை. அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் தம் வீட்டு உண்டியலில் விழுந்த ஒரு சிறு தொகையை முதலாகக் கொண்டு ஏழைச் சிறுவர் பள்ளியைத் தொடங்கினார். அது பெரிய அநாதை இல்லமாக வளர்ந்தபோது, வந்த நன்கொடைகளையும் அவை செலவான வழிகளையும் 1701இல் நூலாகவே வெளியிட்டார். கடவுளின் பராமரிப்பைப் பற்றிய நூலில் கணக்கு விவரம் இடம்பெறுவது இன்றைய வாசகருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஹாலேயினருக்கோ கணக்கைச் சரியாக வைப்பதும் ஒருவகை வழிபாடே. சுவார்ட்ஸ் இந்தச் சூழலில் உருவானவர் என்பதை நினைவில் கொள்ளாமல் தஞ்சையில் அவர் செய்தவற்றை விளக்கிவிட முடியாது.

பத்து வராகன் வாழ்க்கை

தரங்கம்பாடியில் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தபின், 1762இல் சுவார்ட்ஸ் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அடுத்த ஆண்டில் அங்கு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பல படைவீரர்கள் மாண்டனர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளியும், 1766இல் எழுப்பப்பட்ட கிறிஸ்து ஆலயமும் அந்நகரில் அவர் பணியின் தொடக்கங்கள். 1767 முதல் இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அவருடைய பொறுப்பை ஏற்றது.

அக்காலத்தில் அவரை அடுத்துப் பழகிய வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற குறிப்பு மதிப்புமிக்கது. அதன்படி, சுவார்ட்ஸின் முழு வருவாய் மாதம் பத்து வராகன். பழைய கட்டடம் ஒன்றில் படுக்கையும் அவரும் மட்டுமே அடங்கக்கூடிய ஓர் அறை அவருடைய இருப்பிடம். உள்நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும் உணவு. கறுப்புச் சாயமிட்ட முரட்டுப் பருத்தித் துணி உடை. கம்பெனி ஊழியர்கள் தனி வாணிகத்தாலும் நவாபுக்குக் கொடுத்த கடன்களின் வட்டியாலும் பெரும்பொருள் சேர்த்த காலம் அது. அந்தச் சூழலில் பத்து வராகனில் வாழும் வெள்ளைக்காரர் ஒருவரை மக்கள் விநோதமாகவே பார்த்திருக்க வேண்டும்.

ஐரோப்பியரின் நடக்கை, சுவார்ட்ஸ் எதிர்கொண்ட மறுப்புகளில் முதன்மையானது. தூய்மையற்றோர் விண்ணுலகில் நுழைய இயலாது என்று அவர் ஒருமுறை சொல்லக் கேட்ட நடனமகள் ஒருத்தி, அப்படியானால் ஐரோப்பியரில் அங்குச் செல்பவர் மிகச் சிலராகவே இருப்பர் என்று வருந்திச் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். இதனை நகைச்சுவைத் துணுக்காக மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது. சமயக் கோட்பாட்டில் யார் வெல்வது என்ற விவாதத்தைத் தமிழ் மக்கள் பொருட்படுத்தவில்லை என்பதையும், அச்சமயத்தார் கடைத்தெருவில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர் என்பதையும் அவளுடைய சொல் காட்டுகிறது.

1779இல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரை ஐதர் அலியிடம் அனுப்பினார். சீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்படும்போது ஐதர் வழிச்செலவுக்கென முந்நூறு ரூபாய் அளித்தார். சுவார்ட்ஸ் அதனைக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க முன்வந்தார்; அவர்கள் வாங்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைச் சிறுவர்க்கான பள்ளிக்கு அதனை வைத்துக்கொள்ள இசைவு கேட்டார். தொகை சிறியது. ஆனால் அத்தகைய தொகைக்கும் ஒரு கணக்கு உண்டு என்று அவர் கருதினார்.

1781: கோட்டைக்குள் பஞ்சம்

தஞ்சையின் நிலைமையை இங்குச் சுருக்கமாகக் கூறவேண்டும். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு ஆர்க்காட்டு நவாபு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் அது துளசாவுக்கு மீட்டளிக்கப்பட்டது. மீண்டு வந்த அரசு கடனில் மூழ்கியிருந்தது. வரி தண்டும் பொறுப்பு பெற்ற அதிகாரிகளின் கடுமையால் குடிகள் நொந்திருந்தனர். வேலை வாங்கியபின் கூலி கொடுக்காமல் விடுவது வழக்கமாகியிருந்தது. அரசர், அதிகாரி, கம்பெனி என எவர் சொல்லுக்கும் ஊர்ப்புறத்தில் மதிப்பு இல்லை.

1780 சூலையில் ஐதரின் படை கருநாடகத்துள் இறங்கியது. அடுத்த ஆண்டில் தஞ்சை நாட்டின் பெரும்பகுதி அப்படையின் கையில் இருந்தது. மக்கள் கோட்டைக்குள் குவிந்தனர். காவற்படைக்கே உணவு போதவில்லை. சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தனர். காலையில் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. இத்தனைக்கும் நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதைச் சுமந்து வர மாடுகள்தாம் இல்லை. மாடு வைத்திருந்தவர்களுக்கு அரசர் ஆள் அனுப்பினார், ஓலை அனுப்பினார், கூலி உறுதியளித்தார். எவரும் வரவில்லை. முன்னர் ஏமாந்தவர்கள் அவர்கள்.

இந்நிலையில் அரசர், தாமும் ஆங்கிலேயரும் நாணயத்தை இழந்துவிட்டதாகவும், குடிகள் சுவார்ட்ஸையாவது நம்புகிறார்களா என்று பார்க்கலாம் என்றும் கூறியதாகச் சுவார்ட்ஸின் கடிதம் தெரிவிக்கிறது. எவ்வகை உடன்பாடும் செய்துகொள்ள அவருக்கு உரிமை தரப்பட்டது. அவர் நாலாபுறமும் எழுதி அனுப்பிய உறுதி எளியது: கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், எதிரி கவர்ந்துகொள்ளும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஈடு தருவதாகவும் அவர் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார்களும் பிற கிறிஸ்தவர்களும் உயிருக்கு அஞ்சாது மாடுகளோடு நாட்டுப்புறம் சென்று, குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர்.

கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மரக்கால் எனக் கொண்டால் இந்த அளவின் பெருமை விளங்கும். எனினும் இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத்தக்கது அளவன்று. வேலை முடிந்ததும் சுவார்ட்ஸ் அனைவருக்கும் கூலி கொடுத்தார். கைப்பணம் போதாமல், தம்மிடமிருந்த பிறர் பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். பிறர் பணத்தைத் தொட்டதை அவரே எழுதியிருப்பது கவனத்திற்குரியது. கணக்கில் கண்டிப்பான ஹாலே மரபினர் ஒருவர், காத்திருக்கும் கூலிக்காரரை வெறுங்கையோடு அனுப்புவதைக் காட்டிலும் அதுவே குறைந்த பிழை என்று முடிவு செய்திருக்கிறார்.

ஒரு சிறு துணி

1782 பிப்ரவரியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படைப்பிரிவு கும்பகோணம் பக்கத்தில் திப்புவிடம் தோற்றுச் சிறைப்பட்டது. கோட்டை மீண்டும் அதே நெருக்கடிக்குள்ளாயிற்று. அறுவடை நெருங்கும் நேரம் பார்த்தே எதிரிப்படை வந்தது. மறுபடியும் சுவார்ட்ஸை நாடினர். இம்முறை நீண்ட உறுதிமொழிகள் தேவைப்படவில்லை. முதல்முறை எவருக்கும் கூலி தவறவில்லை என்பது ஊர்களில் பரவியிருந்தது. மாடுகளோடு மக்கள் வந்தனர்.

ஆபத்து முன்னிலும் மிகுதி. பகைவர் மிக அருகில் இருந்தனர். மக்களைத் தக்க இடங்களுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு மறுபடியும் கிறிஸ்தவர்களிடமே விடப்பட்டது. அவர்கள் அழுதுகொண்டே புறப்பட்டார்கள் என்று சுவார்ட்ஸ் எழுதுகிறார். இந்தக் குறிப்பு பின்வந்த வரலாற்றாசிரியர்களால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. வீரத்தைப் புகழும் எழுத்தாக இருந்திருந்தால் அழுகை இடம்பெற்றிராது. அவர்களுக்கு அச்சம் இருந்தது, திரும்பி வருவோம் என்ற உறுதி இல்லை, இருந்தும் சென்றார்கள் என்பதை அது மறைக்காமல் பதிவு செய்கிறது.

கூலி கொடுத்து முடிந்தபின் சுவார்ட்ஸ் ஒரு விசாரணை செய்தார். தம் ஆட்களில் எவரேனும் கையூட்டோ அன்பளிப்போ வாங்கினார்களா என்று மாட்டுக்காரர்களைக் கண்டிப்பாகக் கேட்டார். இல்லை என்பதே அனைவரின் விடை. ஒழுங்காகக் கூலி கிடைத்த மகிழ்ச்சியில் உபதேசியாருக்குக் குறைந்த விலையுள்ள துணியொன்றைக் கொடுக்க முன்வந்ததாகவும், அவர் அதனை வாங்க முற்றிலும் மறுத்துவிட்டதாகவும் அவர்கள் கூறினர்.

துணியை நீட்டியவர்களின் பக்கமிருந்தும் இதனைப் பார்க்கவேண்டும். கூலி என்பது உழைப்புக்கு உரியது. அதனைப் பெற்றதற்கு நன்றி சொல்ல வேண்டிய கடப்பாடு உழைத்தவருக்கு இல்லை. உரியது கிடைத்ததே அன்பளிப்பு தரத்தக்க அரிய நிகழ்ச்சியாகத் தோன்றியது என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகள் அவர்களுக்கு எப்படி இருந்தன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். உபதேசியாரின் பக்கம் பார்த்தால், அவர் மறுத்தது கொடுமையின் கனியையன்று, மனமுவந்து தரப்பட்ட பொருளை. வாங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும் அதிகாரத்தின் அருகில் நிற்பவர் பெறும் சிறு அன்பளிப்பு அடுத்த முறை எதிர்பார்ப்பாகவும், அதற்கடுத்த முறை வழக்கமாகவும் மாறும் என்பதைத் தஞ்சை வருவாய்த்துறையின் நடைமுறை அவருக்குக் கற்பித்திருக்கும். அன்பு கொடுப்பதில் மட்டுமன்றி, வாங்க மறுப்பதிலும் வெளிப்படும் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அக்கால ஆவணங்களில் காண்பதரிது.

கடிதத்தின் நோக்கமும் நம்பகமும்

மேற்கண்ட செய்திகளுக்கு முதன்மைச் சான்று, கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்குச் சுவார்ட்ஸ் 1794 பிப்ரவரியில் எழுதிய கடிதம். அது எழுந்த சூழலை விடுத்து அதனைப் படிக்கலாகாது. 1793இல் கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்டபோது, இந்தியாவுக்குச் சமயப்பணியாளரை அனுப்புவது பற்றிய விவாதம் ஆங்கில நாடாளுமன்றத்தில் நடந்தது. சென்னையில் இருந்து திரும்பியிருந்த மான்ட்கோமரி கேம்ப்பெல் என்பவர், உள்நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஒழுக்கமற்றவர்கள் என்றும், சுவார்ட்ஸின் பொருளையே அவர்கள் திருடினார்கள் என்றும் பேசியதாகச் செய்தித்தாளில் வெளியாயிற்று. அதற்கு மறுப்பாகவே முதுமையில் அக்கடிதம் எழுதப்பட்டது.

ஆகவே அது தற்காப்பு ஆவணம். தம் மக்களைக் குற்றச்சாட்டிலிருந்து காக்க எழுதுபவர் சாதகமான நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுப்பார் என்பது இயல்பு. போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தபின் எழுதியதால், எண்ணிக்கைகள் நினைவிலிருந்து தரப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் கூறியவை தஞ்சையில் பலர் அறிந்தவை. கோட்டைக் காவற்படையினரும் கம்பெனி அலுவலரும் உயிரோடிருந்த காலத்தில், பகைவர் கண்ணில் படும் என்று தெரிந்தே எழுதப்பட்டவை. அடிப்படை நிகழ்ச்சியை ஐயுறுவதற்கு இடமில்லை.

இதைவிடச் சுவையானது அவர் தெரிந்தெடுத்த சான்றின் தன்மை. திருமுழுக்குப் பெற்றோர் தொகையை முன்வைத்திருக்கலாம். சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றதையும், அவருடைய தமிழ்ப் பிரசங்கம் ஆங்கிலத்தில் அச்சேறியதையும் முதன்மைப்படுத்தியிருக்கலாம். கிறிஸ்தவம் தஞ்சையில் என்ன செய்தது என்ற கேள்விக்கு அவர் அழுத்தம் தந்த விடையோ மாட்டுக்கூலி, திரும்பிக் கொடுத்த ஈடு, வாங்காத துணி ஆகியவையே. தம்மைக் குறைகூறியவரின் அளவுகோலை அவர் மறுக்கவில்லை; நடனமகள் முன்பு பயன்படுத்திய அதே அளவுகோல்தான் அது. அதனை ஏற்றுக்கொண்டு, அதற்குள் நின்றே தம் உபதேசியாரை முன்னிறுத்தினார்.

திரும்பி வந்த குடிகள்

போர் ஓய்ந்தபின்னும் வரிக்கொடுமை ஓயவில்லை. வயலை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். நிருவாகத்தைக் கவனிக்கச் சென்னை அரசு அமைத்த குழுவில் சுவார்ட்ஸும் சேர்க்கப்பட்டார். வன்முறையோ கட்டாயமோ சார்ந்த எந்த நடவடிக்கையிலும் தம்மை ஈடுபடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார்.

வெளியேறியவர்களைத் திரும்ப அழைக்கும் பணி அவரிடம் வந்தது. நியாயம் வழங்கப்படும் என்ற அரசரின் வாக்கை அவர் எடுத்துச் சொன்னார். அரசர் சொன்னதாக மட்டும் கேட்டிருந்தால் எவரும் அசைந்திருக்கமாட்டார்கள். இவர் வாயிலாக வந்ததால் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினர் என்று கடிதம் கூறுகிறது. பயிரிடும் பருவம் ஏறக்குறைய முடிந்திருந்தது. விரைந்து உழும்படி அவர் வேண்டியபோது, தங்களிடம் அவர் காட்டிய தயவுக்காக வருந்த நேராதபடி இரவும் பகலும் உழைப்பதாக அவர்கள் விடையளித்தார்கள்.

தயவு என்று அவர்கள் குறித்தது எதனை? வரி தள்ளுபடியோ, தானமோ, விதைநெல்லோ அவர் தரவில்லை. சொன்னபடி நடக்கும் ஒருவர் இடையில் நின்றார் என்பதே அத்தயவு. திருக்குறள் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் பிறர் பொருளையும் தம்பொருள்போல் பேணும் வாணிகரைப் பேசுகிறது. ‘கண்ணோட்டம்’ தனி அதிகாரமாக அமைகிறது. தமிழறம் இவ்விரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்தாலும், நொடிந்துபோன ஒரு நாட்டில் நடுவுநிலைமையே கண்ணோட்டமாக உணரப்படும் என்பதைத் தஞ்சைக் குடிகளின் சொல் காட்டுகிறது.

அன்பின் எல்லைகள்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு சுவார்ட்ஸைக் குறையற்றவராக நிறுவுவது வரலாறாகாது. அவருடைய நாணயத்தால் காப்பாற்றப்பட்டது எது என்ற வினா எழுகிறது. பசித்த மக்களோடு சேர்ந்து கம்பெனியின் காவற்படையும் காப்பாற்றப்பட்டது. தஞ்சைக் கோட்டை வீழ்ந்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்கக்கூடும். 1779இல் அவர் சமாதானத் தூது சென்ற அதே ஆண்டில்தான் ஐதரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் கம்பெனி மாகேயைக் கைப்பற்றியது. நல்லவர் ஒருவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பை, அந்த மதிப்பைத் தாங்களே ஈட்டாதவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடியும் தறுவாயில் அவர் திப்புவை நோக்கி மறுபடியும் அனுப்பப்பட்டபோது சத்தியமங்கலத்திலேயே தடுத்துத் திருப்பப்பட்டார். மைசூர்ப் பக்கத்தில் அந்த மதிப்பு அதற்குள் தேய்ந்திருந்தது போலும். 1799 உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சி கம்பெனி கைக்குச் சென்றபோது சுவார்ட்ஸ் உயிரோடில்லை. ஆனால் அதற்கு இட்டுச்சென்ற பாதையின் சில படிகளில் அவருடைய நற்பெயரும் இருந்தது.

80,000 கலம் தானியத்தைப் பற்றியும் ஒரு சொல். அது வெளியேறிய ஊர்களில் எஞ்சியோர் எதை உண்டார்கள் என்று கடிதம் பேசவில்லை. அங்கே விட்டிருந்தால் எதிரிப்படை கவர்ந்திருக்கும் என்பது பெரும்பாலும் உண்மையே. எனினும் அந்த நெல்லை விளைவித்த பண்ணையாட்கள் அக்கடிதத்தில் எங்கும் தோன்றவில்லை.

சாதி குறித்த அவருடைய நிலைப்பாடு இன்னும் தெளிவான எல்லை. ஆலயத்தில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்வதை அவர் தடைசெய்யவில்லை; கற்பிப்பதாலும் காலத்தாலும் அது தணியும் என்று நம்பினார். தணியவில்லை. அவர் மறைந்து ஒரு தலைமுறைக்குப்பின், 1833இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் விலகிச் சென்றனர். சுவார்ட்ஸ் சிறுவனாகத் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரே (1774 – 1864) சாதி வழக்கங்களுக்காக வாதிட்டவர்களில் முதன்மையானவர். மாட்டுக்காரரின் கூலியில் ஒரு காசு குறையக்கூடாது என்று கருதிய அன்பு, வழிபாட்டிடத்தில் ஒரு பாயின் இடைவெளியைப் பொறுத்துக்கொண்டது. அக்காலச் சூழல் என்று கூறி இதனை எளிதில் கடந்துவிட முடியாது. அந்த இடைவெளிக்கு அப்பால் அமர்ந்தவர்களுக்கும் அதுவேதான் காலம்.

குளோரிந்தாவின் நிகழ்ச்சி வேறுவகையானது. தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண்ணான அவர், ஆங்கில அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் திருமுழுக்குக் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அம்மையார் மறுப்பினால் கசந்துபோகவில்லை. அங்கு எளிய மக்களைத் திரட்டி ஒரு சபையை உருவாக்கினார். அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸே வந்து அர்ப்பணம் செய்தார். இன்றும் அது பாப்பாத்தியம்மாள் கோயில் என்று வழங்குகிறது. அவர் வெட்டுவித்த கிணறும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. சுவார்ட்ஸின் கண்டிப்பைவிடக் குளோரிந்தாவின் பொறுமை இந்நிகழ்ச்சியில் ஓங்கி நிற்கிறது.

கல்லில் அமைந்ததும் அமையாததும்

1787இல் துளசா இறந்தார். அவர் தத்தெடுத்த சரபோசிக்கு அப்போது வயது பத்து. ஆட்சியை அடைந்த அமர்சிங்கு இளவரசரை அடைத்துவைத்துக் கல்வியும் கொடாமல் விட்டபோது, சுவார்ட்ஸ் இடைவிடாது முறையிட்டு அவரை மீட்கவும், 1793இல் சென்னைக்கு அனுப்பவும் காரணமானார். அக்காலப் பழக்கத்தின் விளைவு சரபோசியின் வாழ்நாள் முழுதும் நீடித்தது. அவர் கிறிஸ்தவராகவில்லை, சுவார்ட்ஸ் அதனை உறவின் நிபந்தனையாக்கவும் இல்லை.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் மறைந்தார். மணம் செய்துகொள்ளாத அவர், தம்மிடம் எஞ்சிய பொருளை மிஷன் பணிக்கே விட்டுச்சென்றார். அவருடைய கல்லறைக்கெனச் சரபோசி ஆங்கிலத்தில் எழுதிய சிறு பாடல், அவரை அநாதைகளின் தந்தையாகவும் கைம்பெண்களின் துணையாகவும் நினைவுகூர்கிறது. தூதுகளையோ அரசியலையோ பேசவில்லை. 1801இல் சரபோசி கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்கு எழுதி, நினைவுச் சின்னம் ஒன்றைச் செய்து அனுப்பும்படி வேண்டினார். ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய அந்தச் சலவைக்கல் தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் இருக்கிறது. இறக்கும் தறுவாயில் படுத்திருக்கும் சுவார்ட்ஸின் கையை அரசர் பற்றியிருக்கிறார். உடன் பணியாளர் கெரிக்கே தலைமாட்டில் நிற்கிறார். பள்ளிச் சிறுவர்களும் உள்ளனர். கிழக்கிந்தியக் கம்பெனியும் தன் பங்குக்குச் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் ஒரு சின்னத்தை நிறுவியது.

1782இல் அழுதுகொண்டே மாடுகளை ஓட்டிச் சென்றவர்கள் இவ்விரு கற்களிலும் இல்லை. துணியை வாங்க மறுத்த உபதேசியாரின் பெயர், அவரைச் சான்றாக நிறுத்தும் கடிதப் பகுதியிலும் குறிக்கப்படவில்லை.